மல்-சுன் வண்டிக்கு ஊற்றிய தண்ணீர்

கொரிய மலைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் தேபெக் நகரில் நவம்பர் கடைசி வாரம் என்றால் இரண்டு வேலைதான். முட்டைக்கோஸை உப்பில் ஊறப்போட வேண்டும். வண்டியின் ரேடியேட்டரில் உறையாமல் இருக்க ஊற்றும் கூலன்ட்டை மாற்ற வேண்டும். முதல் வேலையை விட்டால் குளிர்காலம் முழுக்கக் கிம்ச்சி கிடையாது. இரண்டாவதை விட்டால் எஞ்சினுக்குள் தண்ணீர் உறைந்து இரும்பையே பிளந்துவிடும்.

பாங் மல்-சுன் முதல் வேலையில் கெட்டிக்காரி. இரண்டாவதில் அவள் எங்கே சறுக்கினாள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

பதினெட்டு வருடம் சுரங்கத்து வாசலில் நிலக்கரியிலிருந்து கல் பொறுக்கியவள் அவள். மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்த அன்று, தொழிற்சங்கத்தின் சார்பில் நான் வாசலில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்றை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணே, இதுல வேலை எங்க இருக்கு?"

"வேலை கேட்டுப் போராட்டம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கேம்மா."

"போராட்டம் தெரியுது. வேலையக் காணோமே."

நோட்டீஸை நாலாக மடித்துக் குளிருக்கு பூட்ஸுக்குள் செருகிக்கொண்டு போனாள். போராட்டத்துக்கும் வந்தாள், முன்வரிசையில் நின்றாள். தோற்றோம், சுரங்கத்தை மூடினார்கள். மறுவாரமே அவள் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய்விட்டாள். அப்போது வயது நாற்பத்தேழு. எழுத்துத் தேர்வில் நாலு முறை தோற்று ஐந்தாவது முறை தேறினாள். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கழித்துக்கட்டிய வெள்ளைக் காரை வாங்கினாள். அந்தக் காருக்கு இப்போது இருபத்துநாலு வயது.

கணவாய்க்கு அந்தப் பக்கம் பனிச்சறுக்கு விடுதி இருக்கிறது. அதன் சலவைக்கூடத்தில் குளிர்காலத்துக்கு மட்டும் வேலை தருவார்கள். மல்-சுன்னும் இன்னும் நாலு பெண்களும் அதே காரில்தான் போய்வருவார்கள். போன வருடம் அந்த வேலை ஒரு திங்கட்கிழமை தொடங்குவதாக இருந்தது. காலை ஏழு மணிக்குள் பதிவேட்டில் கையெழுத்துப் போடாதவர்களின் இடம் காத்திருக்கும் வேறு ஆளுக்குப் போய்விடும். எங்கள் ஊர் முதல் பேருந்து கிளம்புவதே ஏழு பத்துக்கு. கார் போகவில்லை என்றால் ஐந்து வீட்டில் அடுப்பு எரியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ரேடியோவில் ராத்திரி மைனஸ் பதிமூன்று என்றார்கள். மெக்கானிக் ஓக்கின் பட்டறையில் நான் என் வண்டிக்காகக் காத்திருந்தேன். மல்-சுன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். மற்ற நாலு பேரும் உள்ளேயிருந்து இறங்கினார்கள்.

ஓக் ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். எத்தனை டிகிரியில் உறையும் என்று காட்டும் கண்ணாடிக் குழாயை விட்டு உறிஞ்சிப் பார்த்தான். செங்காவி நிறத்தில் கஞ்சி மாதிரி வந்தது.

"என்னக்கா இது, கிம்ச்சி சாறா? மைனஸ் மூணுக்கே உறைஞ்சிடும். என்ன ஊத்துனீங்க?"

"தண்ணிதான்."

"எந்தத் தண்ணி?"

"தண்ணியில என்ன எந்தத் தண்ணி?"

"வெளையாட்டு இல்லக்கா. குழாத்தண்ணின்னா சும்மா கழுவி விட்டாப் போதும். வேற தண்ணின்னா துருவக் கரைக்கிற மருந்து விட்டாகணும். தேவையில்லாம அத விட்டா இந்தக் கெழட்டு ரேடியேட்டர் ஓட்டையாயிடும். விட வேண்டிய எடத்துல விடலேன்னா நாளைக்குக் கணவாய்ல அடைச்சுக்கிட்டு நிக்கும். சொல்லுங்க."

மல்-சுன் முன்விளக்கைச் சட்டைக் கையால் துடைக்க ஆரம்பித்தாள்.

ஏன் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் மலையில் ஓர் ஊற்று உண்டு. இரும்பு வாசனை அடிக்கும், பாறையெல்லாம் சிவந்து கிடக்கும். ஊர் அதை மருந்துத் தண்ணீர் என்கிறது. அதற்கு ஊரிலேயே பெரிய பிரச்சாரகி மல்-சுன். சனிக்கிழமைதோறும் மலையேறி ஆறு கேன் பிடித்துவருவாள். வயிற்றுக்கு ஒரு டம்ளர், மூட்டுக்கு ஒரு டம்ளர் என்று ஆளைப் பிடித்துவைத்துக் குடிக்கக் கொடுப்பாள். நானே குடித்திருக்கிறேன்.

'என் தப்பு' என்று சொல்வதற்குப் பதிலாக ஒரு வேலைநிறுத்தத்தையே தோற்கத் தயாராக இருந்த தலைவர்களை எனக்குத் தெரியும். ஒரு தடவை நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். மல்-சுன்னுக்கு நாலு நிமிடம் பிடித்தது.

"ஊத்துத் தண்ணி."

"என்னது?"

"மலை ஊத்துத் தண்ணிடா! ஜூன் மாசத்துலேருந்து. கணவாய்ல சூடாகி நின்னப்பல்லாம் கையில அதான் இருந்துச்சு. மனுசனுக்கு நல்லதாச்சே, வண்டிக்கு மட்டும் ஆகாதான்னு ஊத்திட்டேன். என் தப்புதான். போதுமா?"

பில்-நியோ கேட்டாள், அவள்தான் ஐவரில் இளையவள்: "அக்கா, வண்டிக்கு மூட்டுவலி போயிடுச்சா?"

சிரித்த சிரிப்பில், நால்வரில் இன்னொருத்தியான சாங்-இம் பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். "அடிப்பாவி, அப்ப என் வயித்துலயும் இதே கஞ்சிதான் ஓடுதா?"

"உன் வயித்தத் தொறந்து பாக்க மூடி இல்லடி. எந்திரி, வேலையப் பாரு!" என்றாள் மல்-சுன்.

ஓக் மருந்தை விட்டான். எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரை முழுசாகத் திருப்பி, ஆறவிட்டு, வடித்து, தண்ணீர் விட்டு மறுபடி ஓட்ட வேண்டும். அவனுக்கு இன்னும் ஆறு வண்டி வரிசையில் நின்றன. ஆகவே பெண்களே கையில் எடுத்தார்கள். ஒருத்தி குழாயில், இருவர் வாளியில். சாங்-இம் வடிப்பதற்கு டிக்கியிலிருந்து பெரிய சிவப்பு ரப்பர் தொட்டியை இறக்கினாள்.

"அய்யோ, அதுல நாளான்னிக்கு என் முட்டைக்கோஸ் ஊறணும்!" என்று பில்-நியோ பாய்ந்து பிடுங்கினாள். "வடியிறது வெஷம்க்கா!"

ஓக் ஒரு பழைய எண்ணெய் டிரம்மை உருட்டிவிட்டான். முதல் தடவை செங்கல் நிறம், மூன்றாவது தடவை தேநீர் நிறம். ஆறாவது தடவை பளிங்கு மாதிரி வந்தது. அதற்குள் மணி நாலரை.

"கழுவுன தண்ணி கொஞ்சம் உள்ள தங்கியிருக்கும். அதனால தண்ணி கலக்காத கூலன்ட்ட மொதல்ல ஊத்துறேன்" என்றான் ஓக். பச்சைத் திரவம் உள்ளே போனது. எஞ்சின் ஓடியது. ஹீட்டரில் சில்லென்று காற்று வந்தது.

மல்-சுன் ஹீட்டர் துளையில் கையை வைத்து வைத்துப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க. உள்ள காத்து அடைச்சிருக்கு. வண்டி ஆறட்டும். அப்புறம் எதுத்த சந்து மேட்டுல வண்டி மூக்கு மேல தூக்கி நிக்கிற மாதிரி ஏத்துங்க. பின்பக்கம் எவ்வளவு எறங்குதோ அவ்வளவு நல்லது."

எங்கள் ஊரில் மேட்டுக்கா பஞ்சம்? ஆறியதும் ஏற்றினாள். கைபிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தான் ஓக். பின் சீட்டில் மூவர் அமுங்கினார்கள், டிக்கியில் பில்-நியோ ஏறினாள். மல்-சுன் என்னைப் பார்த்தாள்.

"வேடிக்க பாக்கவா வந்தீங்கண்ணே? அந்த ஒடம்ப வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க? டிக்கில உக்காருங்க."

உட்கார்ந்தேன். வண்டியின் மூக்கு நிமிர்ந்தது. ஓக் மூடியைக் கழற்றி எஞ்சினை ஓடவிட்டான். சாராயம் குடித்தவன் ஏப்பம் விடுவது போல ரேடியேட்டர் குபுக் குபுக்கென்று காற்றை வெளியே தள்ளியது. ஓக் ஊற்ற ஊற்றக் குடித்தது. பத்து நிமிடத்தில் உள்ளேயிருந்து சாங்-இம் கத்தினாள்: "சுடுது! காத்து சுடுது!"

கண்ணாடிக் குழாயில் மைனஸ் இருபத்தைந்து காட்டியது. மூடியை ஓக் மூடச் சொன்னதும் மல்-சுன்தான் மூடினாள். மூன்று தடவை திருகிப் பார்த்தாள்.

மறுநாள் காலை மைனஸ் பதினாலு. மீதியை பில்-நியோ சொல்லித்தான் தெரியும். கணவாய் உச்சியில் சூட்டுமுள் பாதியைத் தாண்டவில்லையாம். உள்ளே அடித்த அனலில் எல்லோரும் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்களாம். சலவைக்கூடத்துக் கதவைத் தள்ளியபோது ஆறு நாற்பத்தொன்று. நாலு பேரும் கையெழுத்துப் போட்டு முடித்தபோது மல்-சுன்னின் இடத்துக்கு ஆள் பார்க்க, ஏழு ஆகுமுன்பே காத்திருப்போர் பட்டியலைக் கையில் எடுத்தாராம் மேற்பார்வையாளர். வண்டியைச் சுவரோரமாக நிறுத்திவிட்டு மல்-சுன் அப்போதுதான் உள்ளே வந்தாளாம்.

"என்னங்க, எப்பவும் நீங்கதான முதல்ல நிப்பீங்க. இன்னிக்குக் கடைசியா?"

"வண்டி ஓட்டுறவ கடைசியாத்தான் எறங்குவா. பேனாவக் குடுங்க."