ராக்கம்மா தள்ளிப்போட்ட பிள்ளை

1943ஆம் ஆண்டு தை மாதம் ராக்கம்மாவுக்கு வயது இருபத்தாறு. அதற்குள் நான்கு பிரசவம் கண்டிருந்தாள். உயிரோடு இருந்த பிள்ளைகள் இரண்டு: ஆறு வயது முத்தாயி, மூன்று வயதுச் சின்னான். நான்காவது அந்த மாதம்தான் இறந்து பிறந்தது. பிறந்த பிறகு தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை.

மலாயாவில், கோலா பிலாவிலிருந்து ஏழு மைல் தள்ளியிருந்த கல்லுமலை ரப்பர் தோட்டத்தில் ஆஸ்பத்திரி என்ற பெயரில் ஒரு பலகைக் கட்டடம் இருந்தது. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். டாக்டர் வருவதும் அத்தோடு நின்றது. மருந்து அலமாரியில் கொஞ்சம் அயோடினும் கிழிந்த வேட்டித் துணியும் மிச்சம். டாக்டருக்கு உதவியாளாக இருந்த டிரெஸர் நல்லசாமி வெறும் கையால் ராக்கம்மாவின் அடிவயிற்றை ஒரு பகல் முழுக்க அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். அவள் பிழைத்தாள்.

அவள் எழுந்து நடமாடத் தொடங்கியதும் டிரெஸர் அவளையும் புருஷன் மாயாண்டியையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இந்தா பாரு மாயாண்டி. இவ ஒடம்புல இப்ப ஓடுறது ரத்தமில்ல, மரவள்ளிக்கெழங்கு அவிச்ச தண்ணி. இன்னொரு புள்ள இப்ப தங்குச்சின்னா என்னால காப்பாத்த முடியாது."

"எம்புட்டு நாளைக்குங்க?" என்று கேட்டது ராக்கம்மா.

"சோறு வர்ற வரைக்கும்."

மாயாண்டி தரையைப் பார்த்துக்கொண்டு, "அதுக்கு வழி ஏதும் இருக்குங்களா?" என்றான்.

டிரெஸர் சிரித்துவிட்டார். "சுத்தி ஆயிரம் ஏக்கர் ரப்பர் மரம் நிக்குது. அதுல செஞ்ச ஒறை ஒண்ணு முன்னயெல்லாம் சிரம்பான் மருந்துக் கடையில விப்பான். ஆம்பள மாட்டிக்கிறது. இப்ப காசு வச்சிருக்கவனுக்கே கெடைக்கல. பாலு வெட்டுறவனுக்கு எங்க கெடைக்கப் போவுது?"

நாள் பார்த்துச் சேரலாமா என்றும் கேட்டுப் பார்த்தார்கள். அவர் கூடாதென்று தலையை ஆட்டினார். பசியில் பெண்களுக்கு மாதக் கணக்கே தப்பிப்போயிருந்தது. சிலருக்கு மூன்று மாதம் வராது, திடீரென்று வரும். அந்தக் கணக்கை நம்ப முடியாது. தோட்டத்து மருத்துவச்சி, தங்கினால் தன்னிடம் வந்தால் போதும், வேர் அரைத்துக் கொடுக்கிறேன் என்றாள். ராக்கம்மா மறுத்துவிட்டாள்.

"கலைக்கிற மருந்து குடிச்சு முந்தாநேத்து தாவாரத்துல செத்தவள நீங்களும்தான் பாத்தீக. எனக்கு வராம இருக்கணும். வந்தத அழிக்க வேணாம்."

மிச்சம் இருந்தது ஒரு வழி. மாயாண்டி அன்று முதல் வராந்தாவில் படுத்தான்.

தோட்டத்து வீடு என்பது ஓர் அறை, பின்னால் ஒரு சமையல் தடுப்பு, முன்னால் வராந்தா. பத்து வீடு சேர்ந்தது ஒரு லயம். வராந்தாவுக்கும் அறைக்கும் நடுவே இருந்தது ஒரு பலகைக் கதவு. மாசியில் ஒரு மழைநாள், சாரல் தாங்காமல் அவன் உள்ளே வந்தான். அவளும் போகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ராக்கம்மா பட்ட பாட்டை யாரிடமும் சொல்ல முடியவில்லை. மரவள்ளிக் காட்டில் கொத்திக்கொண்டிருக்கும்போது மண்வெட்டியை நிறுத்திவிட்டு, தான் இல்லாவிட்டால் சின்னானுக்கு யார் சோறு ஊட்டுவார்கள் என்று யோசித்தபடி நிற்பாள். பங்குனி பாதியில்தான் தீட்டு வந்தது. அவள் சமையல் தடுப்புக்குள் உட்கார்ந்து அழுதாள். மாயாண்டி எட்டிப் பார்த்துப் பயந்துவிட்டான்.

"என்ன புள்ள, என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. அதான் அழுவுறேன்."

அவன் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பிறகு, "ஒரு கதவு பத்தாது போல. நா ஒண்டிக்கட்டைக லயத்துக்குப் போயிடுறேன்" என்றான்.

கல்யாணமாகாத ஆண்களின் லயம் அந்தப் பக்கம், கிணற்றைத் தாண்டி இருந்தது. அங்கே ஓர் இடம் காலியாக இருந்தது. மாயாண்டி அங்கே படுக்கப் போனது பங்குனிக் கடைசியில். மற்றபடி அவன் குடும்பக்காரன்தான். வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்து தண்ணீர் தூக்குவான், சின்னானைக் குளிப்பாட்டுவான், கிழங்கைத் தோலுரிப்பான். ராக்கம்மாவின் கால் வீங்கியிருந்தால் பிடித்துவிடுவான். இருட்டியதும் எழுந்து போய்விடுவான்.

தோட்டம் சும்மா இருக்குமா? ஒரு புருஷன் கல்யாணமாகாதவர்களோடு போய்ப் படுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாயாண்டி வேறு எவளையோ பார்த்துவிட்டான் என்று ஆண்கள் பேசினார்கள். ராக்கம்மாவுக்கு வாய் நீளம் என்று பெண்கள் பேசினார்கள். அடுத்த வீட்டுத் தாயம்மா நேருக்கு நேராகவே கேட்டாள்.

"ஏண்டி, கைக்கு எட்டுன புருஷன வெளிய தள்ளி வச்சிருக்கியே, எந்த ஊரு ராணிடி நீ?"

தாயம்மாவின் புருஷனைச் சித்திரையில் ஜப்பான்காரர்கள் லாரியில் சயாமுக்கு ஏற்றிப்போயிருந்தார்கள். அங்கே ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாத வேலை, அரிசி கிடைக்கும் என்று சொல்லி அழைத்தார்கள். போனவர்களில் ஒருவரிடமிருந்தும் சேதி இல்லை. ராக்கம்மா அவளுக்குப் பதில் சொல்லாமல் கிழங்கை அடுப்பில் வைத்தாள்.

வேலையாட்களை மேற்பார்க்கும் ராமசாமி கங்காணி நல்ல மனிதர். பிரிந்த குடும்பத்தைச் சேர்த்து வைப்பது தன் கடமை என்று நினைத்தார். வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை இருவரையும் மாரியம்மன் கோயில் முன்னால் நிறுத்தினார். அரைமணி நேரம் புத்தி சொன்னார். மாயாண்டி கையில் வெற்றிலையைக் கொடுத்து, ராக்கம்மாவிடம் கொடுக்கச் சொன்னார்.

"குடுப்பா. ஒம் பொஞ்சாதிதான, கடிச்சிற மாட்டா."

மாயாண்டி கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள். தலையைக் குனிந்திருந்ததால் இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. கூட்டம் சந்தோஷமாகக் கலைந்தது. இருட்டியதும் மாயாண்டி மறுபடியும் கிணற்றைத் தாண்டிப் போனதைப் பார்த்த கங்காணி, "கல்லு மனசுக்காரி" என்று எச்சிலைத் துப்பினார்.

விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்குக் கேட்பது சுலபம். பெண்ணுக்குப் பிள்ளை போதும், இப்போது வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்வது அந்தக் காலத்தில் அம்மனைப் பழிப்பது மாதிரி. மாயாண்டிக்கு இன்னொரு எண்ணமும் இருந்தது. தன் பெண்டாட்டியின் ரத்தப்போக்கைப் பற்றிக் கள்ளுக்கடைப் பேச்சில் நாலு பேர் பேசக் கூடாது. தன்னைப் பற்றிப் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும்.

ஆடியில் மறுபடியும் லாரி வந்தது.

இந்த முறை அழைப்பு இல்லை, உத்தரவு. கல்லுமலையிலிருந்து பன்னிரண்டு பேர். லாரி கெமாஸ் ஜங்ஷனுக்குப் போகும், அங்கிருந்து ரயிலில் சயாம். யாரை அனுப்புவது என்பதைத் தோட்டத்து எழுத்தரான கிராணியார் முடிவு செய்ய வேண்டும். அவர் யாழ்ப்பாணத்துக்காரரான சிவசிதம்பரம், துரை போன பிறகு தோட்டத்தை நடத்திவந்தவர். அவர் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்: பின்னால் பட்டினி கிடக்க ஆளில்லாதவர்கள் போகட்டும். ஒண்டிக்கட்டைகள் லயத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். மாயாண்டியோடு பன்னிரண்டு.

காலைப் பெரட்டில், எல்லாரும் வரிசையாக நிற்கும் இடத்தில், பெயர்களைக் கூப்பிட்டார். மாயாண்டியின் பெயர் கடைசி.

"எனக்குக் குடும்பம் இருக்குங்க ஐயா."

"தெரியும். ஆனா நீ அவையளோட இல்லையே. நாலு மாசமா அந்த லயத்திலதானே படுக்கிறாய்? கங்காணியார் சேத்து வச்சும் திரும்பி வந்தனியாம். ஏனெண்டு சொல்லு, கேப்பம்."

மாயாண்டி வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். வரிசையில் எண்பது பேர் நின்றார்கள்.

"சொல்ல மாட்டாயோ? அப்ப லொறியில ஏறு."

அவன் நடந்தான். பெண்கள் வரிசையிலிருந்து ராக்கம்மா வெளியே வந்தாள். கையில் மண்வெட்டி இருந்தது. அதைத் தரையில் வைத்துவிட்டு, கிராணியாருக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, எங்களுக்குள்ள சண்ட இல்லீங்க."

"ஊரே சொல்லுது."

"ஊருக்குத் தெரியாதுங்க. தையில எனக்குப் புள்ள செத்துப் பொறந்துச்சு. நானும் செத்திருப்பேன். இன்னொண்ணு இப்ப வந்தா பொழைக்க மாட்டேன்னு டிரெஸரய்யா சொன்னாரு. அதான் புள்ள வேணாம்னு தள்ளிப் படுத்தோம். ரெண்டு பேரும் சேந்து பேசி எடுத்த முடிவுங்க."

எங்கோ ஓர் ஆள் கனைத்தான், உடனே நிறுத்திக்கொண்டான். மாயாண்டி லாரிப் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பி அவளையே பார்த்தான்.

"ஒருத்தி புருஷனைக் காப்பாத்த என்னவும் சொல்லுவாள்," என்றார் கிராணியார். குரல் இறங்கியிருந்தது. "இதுக்கு ஆர் சாட்சி?"

"நா சாட்சி."

சொன்னது தாயம்மா.

"நடுவுல பலகச் செவுருதான ஐயா. அங்க பேசுறது எனக்குக் கேக்கும். தெனம் சாயங்காலம் அவன் வந்து அவளுக்குக் கால அமுக்கி விடுவான். 'வலிக்குதா புள்ள, வலிக்குதா புள்ள'ன்னு கேட்டுக்கிட்டே கெடப்பான். எனக்கு வயிறு எரியும். அந்த எரிச்சல்ல வாய்க்கு வந்ததெல்லாம் பேசிருக்கேன். சண்டக்காரன் கால் புடிப்பானா?"

பெண்கள் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் இன்னும் சிலர். டிரெஸர் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே, "அந்தப் பொம்பள சொல்றது நெசம்" என்று சத்தம் கொடுத்தார். கங்காணி தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சிவசிதம்பரம் லாரியைப் பார்த்தார். "மாயாண்டி, இறங்கு," என்றார். "ஒண்டு சொல்லுறன், கேள். இண்டையிலிருந்து நீ குடும்ப வீட்டிலதான் படுக்கோணும். ஜப்பான்காரங்கள் சோதிக்க வந்து உன்னை அந்த லயத்தில கண்டாங்களெண்டால் என்னால ஒண்டும் செய்ய ஏலாது."

லாரி பதினோரு பேரோடு புறப்பட்டது. அவர்களுக்காகப் பேச அந்த வரிசையில் ஒரு பெண்ணும் இல்லை. ஆள் ஒன்று குறைந்ததற்குக் கெமாஸில் கிராணியார் ஜப்பான்காரனிடம் கன்னத்தில் அறை வாங்கினார் என்று லாரி ஓட்டியவன் திரும்பி வந்து சொன்னான்.

ராக்கம்மாவுக்கு நிம்மதி மத்தியானம் வரைக்கும்தான் இருந்தது. புருஷன் கிடைத்துவிட்டான், அவன் அந்த அறைக்குள்தான் படுத்தாக வேண்டும். ஒரு கதவு பத்தாது என்பது ஏற்கனவே தெரிந்ததுதான். அடுப்படியில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான், விடவும் மனமில்லை. தாயம்மா வாசலில் வந்து நின்றாள்.

"அவன்தான வீட்டுல படுக்கணும்? ஒன்னய எங்க படுக்கணும்னு கிராணி சொன்னாரா?"

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நா ஒத்தையில கெடக்குறேன். எங்கூட வந்து படு. கொறட்ட விடுவேன், பொறுத்துக்க. புள்ளைகள இவன் பாத்துக்கட்டும்."

பெண்டாட்டி வெளியே போய்ப் படுப்பது என்ற யோசனையே அதுவரை அவர்களுக்கு வந்ததில்லை. வந்திருந்தாலும் செய்திருக்க முடியாது. ஊர் வாயைத் தாங்கியிருக்க மாட்டார்கள். இப்போதுதான் ஊருக்கே தெரிந்துவிட்டதே. மாயாண்டி மெல்லச் சிரித்தான்.

"ராத்திரியில புள்ள அழுதா?"

"பலகச் செவுருதான? தட்டு."

அடுத்த வாரத்திலிருந்து கிணற்றடியில் மற்றப் பெண்கள் ராக்கம்மாவிடம் வந்து குரலைத் தணித்துக் கேட்டார்கள்: புருஷனிடம் எப்படிச் சொன்னாய்? அவன் கோபப்படவில்லையா? அவள் தெரிந்ததைச் சொன்னாள். ஆவணிக்குள் அந்த லயத்தில் இன்னும் இரண்டு பெண்கள் ஒரே அறையில் சேர்ந்து படுத்தார்கள். கங்காணி இம்முறை யாரையும் கோயிலுக்குக் கூப்பிடவில்லை.

ஜப்பான்காரன் போனது 1945இல். சயாம் போனவர்களில் திரும்பியவர்கள் சிலர். தாயம்மாவின் புருஷன் திரும்பவில்லை. மறு வருஷம் ஆனி மாதம், அரிசிப் பங்கீடு ஒழுங்காக வரத் தொடங்கியபின், ராக்கம்மா டிரெஸரிடம் போய்த் தன் கண்ணிமையை இழுத்துக் காட்டினாள். சிவப்பு ஏறியிருக்கிறது, இனிப் பயமில்லை என்றார் அவர். அன்று சாயங்காலம் அவள் மாயாண்டியிடம், "இப்ப எனக்கு ஒரு புள்ள வேணும்" என்றாள்.

1947 சித்திரையில் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது.