தலைப்பாகைக்குள் ஹெல்மெட்

என் மகளின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை குதிரையில் வருவார் என்று சம்பந்தி வீட்டார் சொன்னபோது, நான் கேட்ட முதல் கேள்வி, ஹெல்மெட் போடுவாரா என்பதுதான்.

வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம் ஜெய்ப்பூரில் மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும். இந்தப் பக்கம் மைசூரில் எங்கள் வீட்டு சோபாவில் நான், என் கணவர், மகள். என் இந்தி ஆஸ்பத்திரி இந்தி. எங்கே வலிக்கிறது, மாத்திரை போட்டாச்சா என்ற அளவுக்குத்தான் போகும். அதனால் வேறு எதையோ கேட்க நினைத்து இப்படிக் கேட்டுவிட்டேன் என்று சம்பந்தியம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கையைத் தலைக்கு மேல் கவிழ்த்து, தாடைக்குக் கீழே பட்டை மாட்டுகிற மாதிரி செய்து காட்டினேன். அதற்கப்புறம் அந்தப் பக்கமும் யாரும் சிரிக்கவில்லை.

நாங்கள் மைசூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்கள். கணவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். நான் நர்ஸ், தலையில் அடிபட்டு வருகிறவர்களின் வார்டில். மகளுக்கு ஊருக்குள்ளேயே, ஹெப்பாளில், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மாப்பிள்ளையும் அதே கம்பெனி, ஒரே கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போய் வந்து ஆரம்பித்த விஷயம். காலையில் சர்ச்சில் எங்கள் முறைப்படி கல்யாணம், சாயங்காலம் மண்டபத்தில் அவர்கள் முறைப்படி என்று பேசி முடித்திருந்தோம். அவர்கள் முறையில் மாப்பிள்ளை வெள்ளைக் குதிரை ஏறி, பேண்டு வாத்தியத்தோடு, சொந்தக்காரர்கள் முன்னால் ஆடிக்கொண்டு வர, மண்டப வாசலில் வந்து இறங்க வேண்டும்.

எங்கள் வார்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பைக்கிலிருந்து விழுந்தவர்கள். குதிரையால் அடிபட்டு வந்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் அதில் ஒருவரை நான் மறக்கவே இல்லை. நன்றாகக் குதிரை ஏறத் தெரிந்தவர். ஓடுகிற குதிரையிலிருந்து விழவில்லை. நின்றுகொண்டிருந்த குதிரையின் மேல் உட்கார்ந்து யாரிடமோ பேசிக்கொண்டிருந்தபோது விழுந்தார். பிழைத்துவிட்டார். ஆனால் பார்க்க வந்த தன் மகளின் பெயரைச் சொல்ல அவருக்குப் பல வாரங்கள் ஆயின. அந்தப் பெண் தினமும் வந்து கட்டில் பக்கத்தில் நின்று, "நான் யார் சொல்லுங்க அப்பா" என்று கேட்பாள். கேட்டுவிட்டு எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பாள்.

இதையெல்லாம் சம்பந்தியிடம் சொல்ல எனக்கு இந்தி போதவில்லை. ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ஸ்கூல் ஹெட்மாஸ்டராக இருந்தவர், எதையும் நிதானமாகக் கேட்டுக்கொள்கிறவர். குதிரை ஓடாது, ஆள் பிடித்துக்கொண்டு நடப்பான், குழந்தை நடக்கிற வேகம்கூட இருக்காது என்றார். தானும் அப்படித்தான் போனதாகவும், தன் அப்பாவும் அப்படித்தான் போனதாகவும், தங்கள் குடும்பத்தில் இதுவரை எந்த மாப்பிள்ளையும் விழுந்ததில்லை என்றும் சொன்னார்.

"எங்க வார்டுக்கு வர்றவங்களும் அதுக்கு முன்னாடி விழுந்ததில்லைங்க" என்று நான் சொன்னேன். தமிழில்தான் வந்தது. மகள் அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

போனை வைத்ததும் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். கோபம் வந்தால் என் மகளுக்குக் கன்னடம் கலந்துவிடும்.

"மம்மி, சும்னே இருக்க மாட்டீங்களா நீங்க? இது என் கல்யாணம். உங்க வார்டு இல்ல."

வார்டுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்றுதான் சொல்கிறேன் என்றேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கணவர் டிவியைப் போட்டுக்கொண்டார். எங்கள் வீட்டில் சண்டையில் அவர் எடுக்கிற பக்கம் எப்போதும் டிவி பக்கம்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். ஒல்லியாக, உயரமாக, கண்ணாடி போட்ட பையன். என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுவார். சாப்பிட்டு முடித்ததும் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். சின்ன வயதில் தெருவில் கல்யாண ஊர்வலம் போனால் மாடியிலிருந்து பார்ப்பாராம். தன் கல்யாணத்தில் தானும் அப்படிக் குதிரையில் போக வேண்டும் என்பது அப்போதிலிருந்தே ஆசை. ஜரிகை ஷெர்வானிக்கு மேல் ஹெல்மெட்டோடு போனால் ஆபீஸில் ரிட்டயர் ஆகும்வரை அந்த வீடியோ சுற்றும் என்றார். அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. எனக்கே அவர் மேல் பாவமாகிவிட்டது.

இதற்கு முன் குதிரை ஏறியிருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை. தொட்டாவது பார்த்திருக்கிறீர்களா? அதுவும் இல்லை. அப்படியானால் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு வந்து பேசுவோம், அதற்கப்புறம் நீங்கள் ஹெல்மெட் வேண்டாம் என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். மகளுக்கும் அது சரியாகப் பட்டது.

சாமுண்டி மலைக்குப் பின்பக்கம் குதிரையேற்றம் சொல்லித் தருகிற இடம் ஒன்று இருக்கிறது. மூன்று பேரும் போனோம். சொல்லிக்கொடுக்கிறவர் ஒரு பெண், முப்பது வயதிருக்கும், எங்கள் மேட்ரன் மாதிரி குரல். கேட்டிலேயே எங்களை நிறுத்தி மூன்று பேருக்கும் ஹெல்மெட் கொடுத்தார். நான் ஏறப்போவதில்லை, சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்றேன். குதிரை கட்டியிருக்கிற இடத்துக்குள் வந்தால் யாராக இருந்தாலும் போட வேண்டும் என்றார். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. ஆனால் ஊருக்கெல்லாம் ஹெல்மெட் பாடம் எடுத்துவிட்டு நான் மறுக்க முடியுமா? போடப் பார்த்தால் கொண்டை இடித்தது. கொண்டையை அவிழ்த்து, பின்னலை முதுகில் போட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். மகள் சிரித்த சிரிப்பில் எங்களுக்குள் இருந்த கோபம் பாதி போய்விட்டது. போட்டோ எடுத்து அப்பாவுக்கும் அனுப்பிவிட்டாள்.

மாப்பிள்ளைக்குக் கொடுத்தது வயதான, சாதுவான பழுப்புக் குதிரை. ஏறி உட்கார்ந்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது, இந்த ஆசைக்குக் குறுக்கே நிற்கிறேனே என்று எனக்கே இருந்தது. குதிரை நான்கு எட்டு நடந்தது, நின்றது. வேலியோரம் புல் இருந்தது. அதை மேயக் குதிரை சட்டென்று கழுத்தைத் தாழ்த்தியது. கடிவாளத்தைக் கெட்டியாகப் பிடித்திருந்த மாப்பிள்ளை, குழந்தைகள் சறுக்குமரத்தில் இறங்குகிற மாதிரி அந்தக் கழுத்து வழியாகச் சறுக்கி, தலை முதலில் தரைக்கு வந்து சேர்ந்தார்.

நான் வேலிக்குள் புகுந்து ஓடினேன். அதற்குள் அவரே எழுந்து உட்கார்ந்து கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். கழுத்தை அசைக்கச் சொன்னேன், விரலைப் பார்க்கச் சொன்னேன், இன்று என்ன கிழமை என்று கேட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. குதிரை எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேய்ந்துகொண்டிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தால், உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு கல் பட்டு ஆழமாகக் கீறியிருந்தது. அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி உபயோகிக்கக் கூடாது என்று அந்தப் பெண் அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டார்.

மாப்பிள்ளை அந்தக் கீறலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, எந்தக் கடையில் வாங்கலாம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மாப்பிள்ளை சம்மதித்துவிட்டார். ஆனால் அவர் அப்பாவுக்குத் தலைப்பாகை இல்லாத மாப்பிள்ளை மாப்பிள்ளையே இல்லை. அதிலும் நியாயம் இருந்தது. இதற்கு வழி கண்டுபிடித்தது, எல்லோரும் ஆச்சரியப்படும்படி, என் கணவர். ரிட்டயர் ஆன அன்று அவருக்கு ஒர்க்‌ஷாப்பில் சால்வை போர்த்தி, சந்தன மாலை போட்டு, ஒரு மைசூர் பேட்டாவும் வைத்து அனுப்பியிருந்தார்கள். பட்டும் ஜரிகையும் வைத்து அட்டை மேல் சுற்றித் தைத்த தலைப்பாகை அது. எங்கள் ஊரில் ரிட்டயர் ஆன எல்லோர் வீட்டு பீரோ மேலும் பிளாஸ்டிக் கவருக்குள் ஒன்று இருக்கும். புது ஹெல்மெட் வீட்டுக்கு வந்த அன்று, கணவர் அந்தப் பேட்டாவை எடுத்துத் தூசி தட்டி ஹெல்மெட் மேல் வைத்துப் பார்த்தார். சின்னதாக இருந்தது, உட்காரவில்லை.

"கொஞ்சம் பெரிசா தெச்சா போதும். உள்ள இருக்கிறது யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

மார்க்கெட் பக்கம் பேட்டா செய்கிற கடைக்கு நான், கணவர், மகள் மூவரும் ஹெல்மெட்டோடு போனோம். கடைக்காரர் அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் மந்திரிகளுக்கும் நடிகர்களுக்கும் கட்டிக் கொடுத்திருக்கிறேன், ஹெல்மெட்டுக்குக் கட்டியதில்லை என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, அளவு எடுத்தார். ஆணி, பசை எதுவும் ஹெல்மெட்டில் படக் கூடாது, கழற்றி மாட்டுகிற மாதிரி உறையாக இருக்கட்டும் என்று மட்டும் நான் சொன்னேன். தாடைப் பட்டை வெளியே தெரிகிறதே என்று மகள் கவலைப்பட்டாள். போட்டோவைச் சம்பந்தியம்மாவுக்கு அனுப்பினோம். அதற்கென்ன, முகத்துக்கு முன்னால் பூச்சரம் தொங்கவிடுவோம், பட்டையைச் சுற்றியும் முத்து தைத்துவிடலாம் என்று அவர் உடனே பதில் போட்டார். அன்றைக்கே முத்து வாங்கிவிட்டதாகவும் சொன்னார். அவருக்கும் மகன் தலைமேல் பயம் இருந்திருக்கிறது, வாய்விட்டுச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

கல்யாணத்தன்று சாயங்காலம் தெருமுனையில் குதிரை வந்து நின்றது. அழகான வெள்ளைக் குதிரை, நெற்றியில் சிவப்புக் குஞ்சம். மாப்பிள்ளை ஏறினார். அந்தத் தலைப்பாகை சாதாரணத்தைவிட ஒரு சுற்றுப் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஜரிகையும் பூச்சரமும் முத்துமாகச் சேர்ந்து அவருக்கு ஒரு கம்பீரம் வந்துவிட்டது. ஜெய்ப்பூர்க்காரர்கள் இது மைசூர் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். எங்கள் சர்ச்காரர்கள் ஜெய்ப்பூர் வழக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். யாரையும் நாங்கள் திருத்தவில்லை. பேண்டு முழங்க, ஆட்டம் போட, குதிரை ஒரு தடவைகூட மிரளாமல் நடந்து வந்து மண்டப வாசலில் நின்றது. மாப்பிள்ளை பத்திரமாக இறங்கினார்.

எல்லாம் முடிந்தது என்று நான் ஆரத்தித் தட்டைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் சம்பந்தி, மகனைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த குதிரைக்குத் தன் கையால் வெல்லம் கொடுக்கப் போனார். கொடுத்துவிட்டு, கழுத்தைத் தட்டிக்கொடுத்து, அதன் முகத்தோடு முகம் வைத்து போட்டோவுக்கு நின்றார். பேண்டுக்காரர் ஒருவர் கடைசியாக டிரம்மில் ஓங்கி ஒரு அடி போட்டார். குதிரை தலையை ஒரு உதறு உதறியது. அதற்கு அது ஒன்றுமே இல்லை, ஈயை விரட்டுகிற மாதிரி ஓர் அசைவு. ஆனால் அதன் தாடை எலும்பு சம்பந்தியின் நெற்றியில் சுத்தியல் மாதிரி இறங்கியது. அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். புருவத்துக்கு மேல் கிழிந்து ரத்தம் வழிந்தது.

ஆரத்தித் தட்டை யார் கையில் கொடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது. பட்டுப்புடவையோடு படியில் மண்டியிட்டு, சுத்தமான கைக்குட்டையை வைத்து அழுத்திப் பிடித்தேன். வார்டில் கேட்கிற கேள்விகளை அவரிடமும் கேட்டேன். இது எந்த ஊர்? இன்று யாருக்குக் கல்யாணம்? நான் யார்?

அவர் ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்த்தார். அந்த இடைவெளியில், வார்டில் தினமும் அப்பாவிடம் கேட்ட அந்தப் பெண்ணின் குரல் என் காதில் கேட்டது.

"நீங்கள் என் சம்பந்தி" என்றார் மெதுவாக. "ஹெல்மெட் போடச் சொன்னவர். ஆனால் எனக்குச் சொல்லவில்லையே."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் சொன்னது உண்மைதான். ஏறுகிறவரைப் பற்றி மட்டுமே நான் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நிற்கிறவரைப் பற்றி நினைக்கவே இல்லை. கேட்டிலேயே எங்களை நிறுத்திய அந்தப் பெண் நினைத்திருந்தார்.

அவர் வேண்டாம் என்றும் விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கூடவே கணவரும் வந்தார். தையல் போட்டு, ஸ்கேன் எடுத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வழியெல்லாம் சம்பந்தி கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். குதிரைக்குத் தீனி வைக்கிறவர்கள், லாடம் அடிக்கிறவர்கள், டாங்கா வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் போட வேண்டும் என்கிறீர்களா என்றார். போட்டால் நல்லது, ஆனால் மைசூர் வெயிலில் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு வேலை செய்யச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏறுகிறவர்களையும் வேடிக்கை பார்க்க வருகிறவர்களையும்தான் நான் விடமாட்டேன் என்றேன். அவர் யோசித்துவிட்டு, பேரப்பிள்ளைகள் வந்தால் அவர்களை என்னிடமே விட்டுவிடுவதாகச் சொன்னார்.

நாங்கள் திரும்பியபோது மண்டபத்தில் யாரும் சாப்பிட உட்காராமல் காத்திருந்தார்கள். நெற்றியில் பெரிய பிளாஸ்திரியோடு அவர் உள்ளே நுழைந்ததும் கைதட்டினார்கள். மாப்பிள்ளை ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டார். தலைப்பாகை அதற்குள் கழற்றப்பட்டு, மேசை மேல் இருந்தது. அதைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாலை மாற்றினார்கள், சடங்குகள் நடந்தன, சாப்பாடு நடந்தது. பிறகு பாட்டுப் போட்டார்கள். சம்பந்தி எழுந்தார். ஆடக் கூடாது, உட்காருங்கள் என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"மகன் கல்யாணத்தில் அப்பா ஆடியே ஆக வேண்டும்" என்றார். "தடுக்கிறவர்தான் எனக்குப் பதிலாக ஆட வேண்டும்."

சர்ச் பாடகர் குழுவில் நின்ற இடத்தில் நின்று பாடுவதோடு சரி, என் வாழ்நாளில் நான் நான்கு பேருக்கு முன்னால் ஆடியதில்லை. கணவரைப் பார்த்தேன். அவர் எழுந்து ஒதுங்கி வழி விட்டார். சம்பந்தியம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். மகளும் மாப்பிள்ளையும் நடுவில் நின்று கை நீட்டினார்கள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நான் இறங்கினேன். சம்பந்தி நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கையை மேலே தூக்கு, தோளைக் குலுக்கு என்று எனக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தார். நான் அப்படியே செய்தேன்.