சக்கரம் போட்ட விரிப்பும் வேலாயுதம் அண்ணாச்சியும்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். வேலாயுதம் அண்ணாச்சி காலமான செய்தி வந்தபோது, நான் மனைவியின் பழைய சேலையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, பலகையில் ஒட்டிய சப்பாத்தியைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். எனக்கும் சப்பாத்தி வரும் என்று அவளிடம் கட்டிய பந்தயம். வாசலில் எங்கள் அலுவலக டைப்பிஸ்ட் முருகேசன் நின்றார்.

"அண்ணாச்சி போயிட்டாக வே. நெஞ்சுவலி. ஆட்டோ வரதுக்குள்ள முடிஞ்சிட்டு."

"எந்த அண்ணாச்சி?" என்று கேட்டேன். முந்தின நாள் சாயங்காலம் எனக்கு மாவு பிசையப் பாடம் எடுத்தவர் எப்படிப் போவார்? மாவு அப்பிய கையோடு முருகேசனைக் கும்பிட்டேனாம். எனக்கு நினைவில்லை.

அவர் சப்பாத்தி நிபுணர் ஆன கதை எங்கள் செக்‌ஷனில் எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவிக்கு, எங்களுக்கெல்லாம் மதினி, வாதம் வந்து வலது கை விளங்காமல் போயிற்று. சர்க்கரையும் இருக்கிறது என்றார் அண்ணாச்சி. ராத்திரி சப்பாத்திதான், சோறு தின்றால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் மிரட்டியிருந்தாராம். மத்தியானச் சோறு பக்கத்துத் தெரு தங்கச்சி வீட்டிலிருந்து வந்துவிடும், ராத்திரிக்குத்தான் வழியில்லை. வெந்நீர் வைக்கத் தெரியாத மனுஷன் பூரிக்கட்டையை எடுத்தார். மாவு பலகையில் ஒட்டும். ஒட்டாமலிருக்க இன்னும் மாவு தூவுவார். அது கல்லில் கருகி வீடே புகையும். "நேத்து தேச்சது அப்பளமா சப்பாத்தியான்னு எனக்கே வெளங்கல வே" என்பார் மறுநாள்.

அலுவலகத்தில் யார் இனிப்பு கொண்டுவந்தாலும் முதலில் நீளும் கை அவருடையது. "வீட்டுல இனிப்புன்னு பேச்செடுக்க முடியாது. இங்கன தின்னாத்தான் உண்டு" என்று என் பங்கையும் எடுத்துக்கொள்வார்.

அப்போதுதான் சிங்கப்பூரில் இருக்கும் மகள், ஊருக்கு வந்த யாரிடமோ ஒரு விரிப்பைக் கொடுத்தனுப்பினாள். சிலிகானாம். ரப்பர் மாதிரி வழவழப்பு; பத்தமடைப் பாய் போலச் சுருண்டுகொள்ளும். நடுவில் வட்டத்துக்குள் வட்டம், ஓரத்தில் எண்கள். பார்த்த மாத்திரத்தில் அண்ணாச்சி முடிவு கட்டிவிட்டார்: பூஜை ஆசனம், வட்டங்கள் சக்கரம். தினமும் திருநீறு பூசி, நடு வட்டத்தில் சம்மணம் போட்டுக் கண்ணை மூடினார். "தரையில நழுவவே மாட்டேங்கு வே. மனசும் அப்படியே நின்னுருது." நானும் ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்த்தேன். விரிப்பு நின்றது. என் மனசு தங்கச்சி வீட்டிலிருந்து வந்திருந்த வடையைத் தேடிப் போய்விட்டது.

மகள் போன் செய்து, "மாவு ஒட்டாம வருதாப்பா?" என்று கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. மதினி தீர்ப்புச் சொன்னார்: "உக்காந்ததுல எவளாவது மாவு தேய்ப்பாளா? ஆத்துக்குக் கொண்டு போங்க."

குறுக்குத்துறையில் சீயக்காய் போட்டு அலசி, தானும் முங்கி, அதையும் முக்கி, ஈரத்தோடு தோளில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தார். "எனக்கும் பாவம் போச்சு, அதுக்கும் போச்சு" என்றார் என்னிடம்.

அன்று சாயங்காலம் நான் பக்கத்தில் இருந்தேன். ஒரு சிட்டிகை மாவு தூவவில்லை. வட்டத்தின் மேல் வட்டமாக விரிந்த சப்பாத்தியை ஓரத்தில் பிடித்து உரித்தார். கையோடு வந்தது. "அதட்டினா கிழியும். பைய எடுத்தா தானா வரும், பாத்தீரா." ஆவி பறக்கும் தட்டோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இப்படி ஒரு புருஷனா என்று என் மனைவியிடம் சொல்லி, தேவையில்லாமல் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த 'பைய' ஒன்றுதான். பஸ்ஸைத் துரத்தும்போதும், வீட்டில் குரல் உயரும்போதும் காதில் விழுகிறது. திரும்பிப் பார்த்தால் அவர் இல்லை.

சாம்பல் கரைத்துக் காடேற்றிய மறுநாள், மதினி ராத்திரி என்ன சாப்பிடுவாரோ என்ற பதற்றத்தில் நானே சப்பாத்தி தேய்த்தேன். பைய எடுத்தேன், வந்தது. தூக்குச்சட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மதினி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கெதுக்கு தம்பி இது? நான் என்னைக்கும் சோறுதான். சர்க்கரை அவுகளுக்குல்லா."