மதாமின் சம்மதம்

என் மனைவி பாகம் பாகமாக வாங்கித் தானே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர், அவள் போன பிறகு வந்த மழைக்காலத்தில் ஓடாமல் நின்றுவிட்டது. புதுச்சேரியில் எங்கள் சாரம் பகுதியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர் மூடியைக்கூடக் கழற்றவில்லை.

"காயலான் கடைக்குப் போடுங்க சார். புதுசா எடுத்துக்கலாம்."

எடுத்துக்கொள்ளலாம். அதில் அவள் கை பட்டிருக்காது.

வீட்டில் கம்ப்யூட்டர் நோண்டுகிறவர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் சேர்ந்து, நானே சரிசெய்வதென்று முடிவெடுத்தேன். டெண்டர் பிரித்தே ஓய்வு பெற்றவன்; மூன்றை ஒப்பிடாமல் ஒன்றை எடுக்கமாட்டேன்.

முதலாவது தமிழ்க் குழு. காலை வணக்கப் பூங்கொத்துகளுக்கு அடியில் என் கேள்வி புதைந்துபோனது. ஒரே ஒருவர், "தல, ஓங்கி ஒரு தட்டு தட்டிப் பாத்தீங்களா?" என்றார். இரண்டாவது, பெரிய ஆங்கிலக் குழு. கேள்வி ஏற்கெனவே கேட்கப்பட்டுவிட்டதாம், உடனே நிராகரித்தார்கள். எங்கள் ஆபீசில்கூட அதற்கு ஒரு வாரம் ஆகும்.

மூன்றாவது பிரெஞ்சுக் குழு. விதிகள் பக்கம் பக்கமாக இருந்தன. படிக்கப் படிக்கச் சொந்த வீட்டுக்கு வந்தது போலிருந்தது. கேள்வி கேட்குமுன் புதியவர் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். ஊர், வயது, பார்த்த உத்தியோகம் எல்லாம் எழுதினேன். யாரும் கேட்காமலே, விண்ணப்பம் நிரப்பிப் பழகிய கை 'மணமானவர்' என்றும் எழுதிவிட்டது. அசெம்பிள் செய்தவர்: என் மனைவி.

"மதாமுக்கு எங்கள் வணக்கம்!" என்று பதில்கள் குவிந்தன. "கெடுத்தது கணவர். மதாமுக்குத் தெரியுமுன் நம்மிடம் ஓடி வந்திருக்கிறார்" என்றார் ஒருவர். அறிமுகத்தில் எழுதியதைத் திருத்த வேண்டுமென்றால், விதிப்படி காரணம் காட்டி மனு எழுத வேண்டும். எனக்கு எழுதத் தெரியாத மனுவா? எழுதவில்லை.

பிரான்சிலிருந்து மகள் பேசினாள். "கடைசில எதுல சேந்தப்பா?"

"பிரெஞ்சுதான்."

"ரூல் பேசியே உயிர எடுப்பாங்களே!"

"நான் எடுக்காத உயிரா?"

சிரித்தாள். ஏன் அங்கே சேர்ந்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. கருவடிக்குப்பத்துச் சொந்தக்காரர்கள் முதல் மாடிவீட்டுக்காரர் வரை எல்லோருக்கும் நான் மனைவியை இழந்தவன். அந்தக் குழுவில் மட்டும் நான் அவள் புருஷன்.

அவர்கள் சொல்லச் சொல்லப் படம் எடுத்து அனுப்பினேன். ஒயர்களைப் பூக்கட்டும் நூலால் அவள் முடிந்திருந்த விதத்தை எல்லோரும் புகழ்ந்தார்கள். கடைசியில் குறை பிடிபட்டது: மதர்போர்டை உப்புக் காற்று அரித்துவிட்டது. மாற்றினால் ஓடும். மாற்ற அந்த முடிச்சுகளையெல்லாம் வெட்ட வேண்டும்.

கிண்டல் செய்தவரே எழுதினார்: "இது மதாம் தேர்ந்தெடுத்த போர்டு. அவரைக் கேட்டுச் சொல்லுங்கள்."

இறந்துவிட்டாள் என்று பிரெஞ்சில் அடித்தேன். இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. அழித்தேன். பிறகு, ஆபீசில் முடிவெடுக்கப் பிடிக்காத கோப்புகளில் எழுதுகிற வாசகத்தையே எழுதினேன்: "பரிசீலனையில் இருக்கிறது."

அவர்கள் பொறுமைசாலிகள். அவ்வப்போது, மதாம் என்ன சொன்னார் என்று விசாரிக்கிறார்கள். நானும் அதையே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் மேஜைமேல் திறந்தே கிடக்கிறது. தூசி படியாமல் ஒரு துண்டு போட்டு வைத்திருக்கிறேன்.