திருஷ்டிப் படம்

என் முன்பற்கள் இரண்டும் முகத்தைவிட அவசரக்காரர்கள். தெருமுனையில் நான் திரும்புவதற்கு முன்பே அவை திரும்பிவிடும் என்பார் சித்தப்பா. அவர்தான் பொங்கலுக்குப் புதுச்சட்டை போட்ட கையோடு என்னைக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப்போய் ஸ்டூடியோவில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்.

மாசி பிறந்த பிறகு ஒருநாள் தற்செயலாகப் பார்த்தால், ஸ்டூடியோ வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள், இரண்டு கல்யாண ஜோடிகளுக்கு நடுவே, மொத்தப் பல்லும் தெரிய நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

உடனே சந்தேகம் வந்துவிட்டது. அழகானவர்களைத்தானே வாசலில் மாட்டுவார்கள்? எதிர்ச்சாரியில் ஒரு மாடிவீடு எழும்பிக்கொண்டிருந்தது. ஊர்க்கண் படாமலிருக்கச் சாரத்தில் திருஷ்டிப் பொம்மை கட்டியிருந்தார்கள். உருட்டு விழி, வாய் கொள்ளாத பல். அதைப் பார்த்தேன், என்னைப் பார்த்தேன். விஷயம் விளங்கிவிட்டது. ஜோடிகள் மேல் கண் படாமலிருக்க நடுவில் நான்.

அதன்பின் ஊரே கூட்டுச்சதி செய்வதாகப் பட்டது. டீக்கடைக்காரர் படம் ஷோக்காக இருக்கிறது என்றால் கேலி. வாத்தியார் ஒன்றும் சொல்லாவிட்டால் அதைவிடப் பெரிய கேலி. பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயராக ஒட்டிக்கொள்வதற்குள் படத்தை இறக்கியாக வேண்டும்.

ஸ்டூடியோக்கார அண்ணனிடம் நேரே போனேன்.

“இன்னாத்துக்குங்கண்ணா என் படத்த மாட்டி வச்சிக்கினு இருக்கீங்க?”

“நல்லா கீற, மாட்னேன்.”

திருடன் உடனே ஒத்துக்கொள்வானா? பொம்மையைக் கைகாட்டி, எனக்கு எல்லாம் தெரியும் என்றேன். அவர் பொம்மையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதுவும் சந்தேகமாக இருந்தது.

“டேய், வர்றவன்லாம் பல்லு புடுங்க வந்தவனாட்டம் குந்திக்கினு இருக்கான். நீ ஒருத்தன்தான்டா சிரிச்ச.”

நான் நகரவில்லை. அழுகை வந்தது. அழுதாலும் பல் தெரியுமே என்று அடக்கிக்கொண்டேன். அவர் பெட்டியைத் திறந்து படத்தைக் கழற்றி என்னிடமே கொடுத்துவிட்டார்.

அந்தப் படம் இன்று என் மேஜைமேல் இருக்கிறது. காமிராவை முழுசாக நம்பிச் சிரிக்கிற ஒரு பையன். பல் ஜாஸ்திதான். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அதில் ஒன்று குறைந்தாலும் போதாது. இவனையா அப்படிச் சந்தேகப்பட்டேன்?

அன்று ஸ்டூடியோவைவிட்டுப் புறப்படும்போது அண்ணன் கூப்பிட்டுச் சொன்னார்: “படத்த நீ எடுத்துக்கினு போய்ட்டன்னு உங்கம்மாகிட்ட சொல்லிடு. சந்தைக்கு வர்றப்பல்லாம் இங்க நின்னு பாத்துட்டுதான் போவாங்க.”

பாவம், அம்மாவும் மானத்துக்குப் பயந்து வேவு பார்த்திருக்கிறாள் என்று வீட்டுக்கு ஓடினேன். படத்தை இறக்கியாயிற்று, இனிக் கவலையில்லை என்று அறிவித்தேன். அம்மா படத்தை வாங்கி முந்தானையால் துடைத்தாள். பிறகு என் வாயையும் துடைத்தாள். நிம்மதியில் அவளுக்குப் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.