கேசட்டு சரோஜாவும் நேர்ல வந்த சரோஜாவும்

போன வாரம் வந்தவாசிக்கு ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு போயிருந்தேன். சாப்பிட இல்லீங்க. ஒக்கார.

ஆமா... மேடையில ஒக்கார்றதுக்குத்தான் என்ன இப்ப வேன் வெச்சி இட்டுகினு போறாங்க. எதுர்ல காங்கோ ரெண்டு நிக்கும். நான் தட்டுவேன். ஆனா அதுக்கு மைக் கனெக்‌ஷன் கெடையாது. சத்தம் பின்னால இருக்கிற லேப்டாப்புல இருந்து வரும். ஜனங்க என் கையத்தான் பாப்பாங்க.

வாராவாரம் இந்தப் பக்கத்த படிக்கிறவங்களுக்கு நம்ம கத தெரியும். ஆரணியில பட்டுத் தறியில ஒக்காந்த ஆளு நானு. பள்ளிக்கூடம் பக்கம் போவாதவன். நான் சொல்லிகினே போவேன், மருமவ போன்ல தட்டிகினே வரும். தறி வேல போவ மீதி நேரத்துல பவுர்ணமி இன்னிசைக் குழுவுல காங்கோ வாசிச்சேன். குழுவ ஆரம்பிச்சது தனகோட்டி அண்ணன், ஆர்மோனியம். அவுரு போயி சேந்துட்டாரு. புல்லாங்குழல்காரரு போயிட்டாரு. டிரம்ஸு வாசிச்சவன் பெங்களூர்ல மவன் வூட்ல கீறான். மீதி நிக்கிறது ரெண்டு பேரு. நானு ஒண்ணு, பாட்டு பாடின சரோஜா ஒண்ணு.

ஆனா குழு நின்னு போவல பாருங்க. அதான் அதிசயம். ஆளுங்க போயிட்டாங்க, பேரு மட்டும் வேலைக்குப் போயிகினு இருக்குது.

இப்ப குழுவ நடத்துறது அண்ணன் மவன் பாபு. கெட்டிக்காரன். வாசிக்கிறது பூராவும் சின்ன வயசுப் பசங்க. போஸ்டர்ல மட்டும் 'ஒரிஜினல் பவுர்ணமி'ன்னு இருக்கும். ஒரே முகூர்த்தத்துல ரெண்டு எடத்துல கல்யாணம்னா குழுவ ரெண்டா பிரிப்பான். மேடைக்கு ஒரு ஒரிஜினல் வேணும் இல்ல? நான் கலசப்பாக்கம் போவேன், சரோஜா போளூர் போவும். பந்தியில எல பத்தலன்னா ஒரு எலய ரெண்டா கிழிச்சி போடுவாங்களே... அந்த மாதிரி.

வேன்ல போவ சொல்ல பாபு போன்ல ஒரு வெள்ளக்கார பேண்ட காட்னான். தாத்தாக்கமாருங்க. ஒருத்தனுக்கு தல பூரா பஞ்சு. தோலு சுருங்கிப் போன கையில கிடாரு. எதுர்ல ஏரி ரொம்பினாப்பல ஜனம்.

"பாத்தியா மாமா, அம்பது வருசம் முந்தி போட்ட பாட்டு. இன்னும் அதையேதான் வித்துகினு கீறாங்க. பழைய ரெக்கார்ட புது அட்டையில போட்டு விக்கிறாங்க, பேர பனியன்ல போட்டு விக்கிறாங்க. செத்துப்போன பாட்டுக்காரனக் கூட லைட்லயே மேடைக்கு வரவெச்சி பாட வுடுறாங்க."

"செத்தவனுக்கு சம்பளம் யாருகிட்ட குடுப்பாங்க?"ன்னு பின் சீட்ல இருந்து கேட்டுது சரோஜா.

பாபு போன பாக்கெட்ல போட்டுகினான்.

சரோஜாவ பத்தி சொல்லணும். ஆரணி சுத்துவட்டாரத்துல கல்யாணம்னா நலங்குக்கு ஒரு பாட்டு போடுவாங்க. தனகோட்டி அண்ணன் கட்டின பாட்டு, சரோஜா பாடினது. பொண்ணு மாப்பிள்ளைய ஒக்கார வெச்சி அந்தப் பாட்டு போடலன்னா நலங்கு வெச்சாப்பலயே இருக்காதுன்னு சொல்ற வூடுங்க இன்னும் கீது. அப்பன் ஆத்தா கல்யாணத்துல போட்டது, புள்ள கல்யாணத்துக்கும் வேணும். பாபுவுக்கு பாதி சோறு அந்த ஒரு பாட்டுதான்.

அத நாங்க கேசட்டு போட்டது ஒரு மத்தியானம். எங்க தெருவுல ஒரு வூட்டு நடையில. தறி சத்தம் ரெக்கார்டுல வுழக் கூடாதுன்னு தனகோட்டி அண்ணன் வூடு வூடா போயி கேட்டுகினாரு. தெரு பூரா தறிய நிறுத்தினாங்க... அப்டி ஒரு அமைதிய அந்தத் தெரு அதுக்கு முன்னயும் கேட்டது இல்ல, பின்னயும் கேட்டது இல்ல. வெயிலு ஓட்டு சந்துல எறங்கி சரோஜா மடியில வுழுந்து கெடக்குது. அது கண்ண மூடிகினு பாடுது. வாசல்ல ஜனம் மூச்சு வுடாம நிக்குது.

கேசட்டு கடையில வந்ததும் ஊரு பூரா அதே பேச்சு. 'இன்னாம்மா குரலு... சின்னப் பொண்ணு சிணுங்கறாப்பல, தேனு மாதிரி'ன்னாங்க. எங்களுக்கே ஆச்சரியம். ரெக்கார்டுல ஏறினா குரலு இப்டிதான் இனிக்கும் போலன்னு தனகோட்டி அண்ணன் சொன்னாரு. நாங்களும் நம்பினோம்.

பேஜார் அதுக்கு அப்பால. மேடையில பாடினா ஜனங்க, "கேசட்டுல மாதிரி பாடும்மா"ன்னு கத்துவாங்க. சரோஜா சுருதிய ஏத்தும். தொண்ட நரம்பு பொடைக்கும். வருசக் கணக்கா அப்டியே பாடிச்சி. தறிக்காரன் கையில காய் காய்க்கும் இல்ல? டாக்டரு சரோஜாவுக்கு தொண்டயில அதே மாதிரி காய்ச்சிருக்குதுன்னாரு. ஆப்பரேஷன் ஆச்சி. மேல் சுருதி போனது போனதுதான்.

அதுலேர்ந்து பாபு பழைய கேசட்ட கம்ப்யூட்டர்ல ஏத்தி போடுறான். சரோஜா பட்டுப் பொடவ கட்டிகினு மைக் முன்னால நின்னு வாய அசைக்கும்.

வந்தவாசி மண்டபத்துல எறங்கினதும் சரோஜா பாபுகிட்ட போயி நின்னுது.

"பாபு, இன்னிக்கி நான் வாய அசைக்க மாட்டேன். பாடப் போறேன்."

"அத்த, வெளையாடாத. பொண்ணுக்கு அப்பா நம்ம ஆரணி பட்டு வியாபாரி. அவுரு கல்யாணத்துல நலங்குக்கு ஒன் கேசட்டுதான் போட்டாங்களாம். ஒரிஜினல் ரெண்டு பேரும் வரணும்னு சொல்லி புக் பண்ணிகிறாரு."

"அதுக்குதாண்டா சொல்றேன். என்ன கூப்ட்டாரு, நான் பாடுறேன்."

"குரலு கமறிச்சின்னா? அப்பால எவன் நம்மள கூப்டுவான்? கோச்சிக்காத அத்த... ஜனங்க காசு குடுக்குறது அந்த கேசட்டுக்கு. ஒனக்கு இல்ல."

சரோஜா பொடவ முந்தானைய இழுத்து இடுப்புல சொருவிகினு போயி ஒரு சேர்ல ஒக்காந்துது. மண்டபத்துல பூ கட்றவங்க பேச்ச நிறுத்திட்டு அதப் பாத்தாங்க. நான் இன்னாத்த சொல்றது? என் காங்கோவுக்கே மைக் கெடையாது.

அப்பதான் கீபோர்டு வாசிக்கிற பிரியா பாபுவ கூப்ட்டுது. குழுவுக்கு புதுசா வந்த பொண்ணு, நல்லா வாசிக்கும்.

"அண்ணா, இந்த கேசட்டு டிராக்கோட நான் சேந்து வாசிக்கவே முடியல. எந்த சுருதிக் கட்டையிலயும் ஒக்கார மாட்டேங்குது. ரெண்டு கட்டைக்கு நடுவுல தொங்கிகினு நிக்குது."

"பழைய கேசட்டும்மா. அப்டிதான் இருக்கும்."

பிரியா என் பக்கம் திரும்பிச்சி. "தாத்தா, இத எதுல ரெக்கார்டு பண்ணீங்க?"

"டேப் ரெக்கார்டர்லதான். கடன் வாங்கினது. பாட்டு ஆரம்பிக்க சொல்ல கரண்டு பூட்சி. தெரு பூரா தறிய நிறுத்திட்டு நிக்கிறாங்க, இன்னொரு நாளைக்கி கேக்க முடியுமா? அதான் பேட்டரி போட்டு எடுத்துட்டோம்."

"புது பேட்டரியா?"

"எங்க புதுசு... யாரோ டார்ச் லைட்லேர்ந்து கழட்டி குடுத்தாங்க."

அந்தப் பொண்ணு சிரிச்சிச்சி. "அதான் தாத்தா. பேட்டரி வீக்கு. டேப்பு மெதுவா சுத்திகிது. மெதுவா சுத்த சொல்ல புடிச்சத கரண்டுல வேகமா ஓட்டினா, குரலு மேல ஏறிடும். இது அவுங்க குரலே இல்ல."

எனக்கு வெளங்கவே கொஞ்ச நேரம் ஆச்சி. சரோஜா சேர்லேர்ந்து எழுந்து வந்துது.

"தனகோட்டி சாரு எந்த சுருதியில வாசிப்பாரு?"ன்னு பிரியா கேட்டுது.

"அஞ்சு கட்ட. கேசட்டு போடுற வரைக்கும் அந்த ஆர்மோனியம் அத வுட்டு நவுந்ததே கெடையாது"ன்னேன்.

பிரியா லேப்டாப்புல இன்னாவோ இழுத்துது. பாட்டு மெல்ல எறங்கிச்சி... எறங்கி, எறங்கி, அஞ்சு கட்டையில வந்து ஒக்காந்துது. அய்யோ, அது இன்னான்னு சொல்லுவேன். சின்னப் பொண்ணு சிணுங்கலு போச்சி. நல்லா தெரண்ட, ஆத்துத் தண்ணி ஓடுறாப்பல ஒரு குரலு. அதுக்கு அடியில என் காங்கோ. தகர டப்பா மாதிரி கேட்டுகினு இருந்தது இப்ப கும்முன்னு, நெஞ்சுக்குள்ள எறங்குது. அந்த மத்தியானம் அப்டியே மண்டபத்துக்குள்ள வந்து நின்னுது. அந்த வெயிலு, வாசல்ல நின்ன ஜனம், மூச்சு வுடாத தெரு. நான் எங்க கீறேன்னு ஒரு நிமிசம் எனக்கு தெரியல.

சரோஜா ஸ்பீக்கரயே பாத்துகினு இருந்துது.

"ஏழுமலண்ணே... நான் இப்டிதான் பாடினேனா?"

"இப்டிதாம்மா."

"அப்ப இத்தினி வருசமா நான் யாரு மாதிரி பாட நெனச்சி தொண்டய கிழிச்சிகினேன்?"

டார்ச் லைட் பேட்டரி மாதிரின்னா சொல்ல முடியும்?

சரோஜா அப்டியே அந்த சுருதிய புடிச்சி ரெண்டு அடி கூடவே பாடிச்சி. குரலு கொஞ்சம் கரகரன்னு இருந்துது. ஆனா எங்கயும் முட்டல. பாபு தலய சொறிஞ்சான். "சரி, பாடு அத்த. ஆனா ஏதுனா ஆச்சின்னா ஒடனே டிராக்க போட்டுடுவேன்"ன்னான்.

பொண்ணு மாப்பிள்ள மேடைக்கு வந்தாங்க. சரோஜா பாடிச்சி. பிரியா அஞ்சு கட்டையில வாசிச்சிது. டிராக்கு இல்ல பாருங்க, அதனால என் காங்கோவுக்கும் மைக்க போட்டாங்க. ஒரு எடத்துல தாளம் வுட்டு புடிச்சேன். சரோஜா என்ன திரும்பிப் பாத்து மொறைச்சிது, பழைய மொறப்பு. பாபுவோட வெரலு லேப்டாப்பு மேலயே நின்னுது. கடைசி வரைக்கும் அமுக்கல.

முடிஞ்சதும் கை தட்டினாங்க. நல்லாவே தட்டினாங்க. பொண்ணுக்கு அப்பா மேடையேறி வந்து சரோஜாவ கும்பிட்டாரு. கண்ணு கலங்கி இருந்துது.

"அக்கா, ரொம்ப நல்லா இருந்திச்சி. ஒடம்ப பாத்துக்கோங்க." எறங்கப் போனவரு திரும்பினாரு. "தப்பா நெனச்சிக்காதீங்க... அந்த கேசட்டு பாட்டயும் ஒரு தபா போட சொல்றீங்களா? என் கல்யாணத்துல கேட்டாப்பல இருக்கணும்."

நான் சரோஜா மூஞ்சிய பாக்க பயந்துகினு கீழ குனிஞ்சிட்டேன்.

அந்த மனுசன திட்ட முடியுமா சொல்லுங்க? அவுரு கேட்டது பாட்ட இல்ல. அந்தப் பாட்ட மொத தபா கேட்டப்ப அவுருக்கு இருந்த வயச கேக்கறாரு. கறுப்பு மீச, பக்கத்துல புதுப் பொண்டாட்டி, கழுத்துல வாடாத மால. அத யாராலயும் நேர்ல பாட முடியாது. அந்த வீக்கு பேட்டரியாலதான் முடியும். உலகம் பூரா பழைய பாட்டுக்காரனுங்க பொழைக்கிறது அத வெச்சிதான்னு எனக்கு அங்கதான் புரிஞ்சிது.

சரோஜா சிரிச்சிச்சி. "போடு பாபு"ன்னு சொல்லிட்டு மைக்க விட்டு கீழ எறங்கிடுச்சி.

"அத்த, வாய அசைக்க ஆளு வேணுமே"ன்னு பாபு பதறினான்.

"பாடுது இல்ல கேசட்டுல அந்தப் பொண்ணு. பாடட்டும். நானும் ஒரு நாளு ஒக்காந்து கேக்கறேன்."

மொத வரிசையில போயி ஒக்காந்துது. யாரோ ஒரு கப்பு ஐஸ்கிரீம் குடுத்தாங்க. மைக் முன்னால யாரும் இல்லாம சின்னப் பொண்ணு குரலு தேனா வழியுது. சரோஜா ஐஸ்கிரீம் தின்னுகினே, தலய ஆட்டிகினே, தன் பாட்ட கேட்டுகினு இருக்குது. முடிஞ்சப்ப எல்லாருக்கும் முன்ன அதுதான் கை தட்டிச்சி.

முந்தாநேத்து காலையில பாபு எங்க குழு வாட்ஸ்அப்புல புது போஸ்டர் போட்டான். மருமவ படிச்சி காட்டிச்சி. 'ஒரே மேடையில ரெண்டு சரோஜா — அன்றைய சரோஜா, இன்றைய சரோஜா.' ரேட்டும் ஏத்திகிறான்.

கொஞ்ச நேரத்துல சரோஜா அதுல பேசி அனுப்பிச்சி.

"பாபு, போஸ்டர் நல்லா கீது. ரெண்டு சரோஜா இல்ல? அப்ப சம்பளமும் ரெண்டுதான?"

பாபு டைப் பண்றான்னு வருதுன்னு மருமவ சொல்லிச்சி, நின்னுது, மறுபடியும் வந்திச்சி. பதில் மட்டும் வரல.

அதான் நானும் நேத்து அதுக்குக் கீழயே பேசி அனுப்பிட்டேன்: "பாபு, அந்த கேசட்டுல காங்கோ தட்றவன் யாருப்பா?"