காரை மேட்டில் ஏழு கற்குவியல்கள்

சனி, காலை 6.10. பெரம்பலூர் பாலக்கரையில் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம். டீ பன்னிரண்டு ரூபாய். நாங்கள் என்றால் நானும் வாடகைக் கார் ஓட்டும் ஷாஜகான் பாயும்தான். பாய்க்குச் சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. நாள் வாடகை ஆயிரத்து எண்ணூறு, டீசல் நம்முடையது. ஏறி உட்கார்ந்ததும், "டீச்சரம்மா, சொந்த ஊரச் சுத்திப் பாக்க வண்டி எடுத்த மொத ஆளு நீங்கதான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வளவு எரிச்சலில் இருந்தேன்.

காரணம் இதுதான். நான் பெரம்பலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. ஜனவரியில் ஜெர்மனியிலிருந்து பன்னிரண்டு மாணவர்கள் எட்டு நாட்கள் எங்கள் பள்ளிக்கு வருகிறார்கள். அதில் ஆறு நாட்களாவது எங்கள் மாணவர்களின் வீடுகளில் தங்க வேண்டும். தங்கினால்தான் மே மாதம் எங்கள் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் அங்கே போய் அவர்கள் வீடுகளில் தங்க முடியும். இதுதான் ஏற்பாடு. ஆனால் அங்குள்ள பெற்றோர் சிலர் இணையத்தில் எங்கள் ஊரைத் தேடிப் பார்த்துவிட்டு, "பிள்ளைகள் ஆறு நாள் அங்கே என்ன செய்வார்கள்?" என்று கேட்டுவிட்டார்கள். ஒரு சுற்றுலா நிறுவனம் மாமல்லபுரம், புதுச்சேரி என்று வேறு திட்டத்தை அவர்கள் முன்னால் நீட்டியிருந்தது. திங்கட்கிழமை அவர்களுடைய பெற்றோர் கூட்டம். அதற்குள் நான் ஆறு நாட்களுக்கான செயல்பாடுகளை எழுதி அனுப்ப வேண்டும். இல்லையென்றால் வருகிறவர்கள் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். எங்கள் பிள்ளைகள் எங்கேயும் போக மாட்டார்கள்.

காலை 7.00. சாத்தனூர் கல்மரம். பள்ளிப் பிள்ளைகளோடு நான்கு முறை வந்திருக்கிறேன். நான்கு முறையும் "ஓடாதே, ஏறாதே, வரிசையில் நில்" என்று கத்தியதில் மரத்தைப் பார்க்கவே இல்லை என்று இன்றுதான் தெரிந்தது. பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு அடிமரம் ஓடைக்குள் படுத்திருக்கிறது. தொட்டால் கல். பார்த்தால் மரம். கடல் இந்த ஊர்வரை வந்து நின்ற காலத்தில் அடித்து வரப்பட்டுப் புதைந்து பன்னிரண்டு கோடி ஆண்டுகள் ஆகின்றன என்று பலகை சொல்கிறது. பாய் செருப்பைக் கழற்றிவிட்டு வேலியோரம் நின்றார்.

"சுப்ஹானல்லாஹ். இந்த வழியா முப்பது வருசமா வண்டி ஓட்டுறேன் டீச்சரம்மா. ஒரு தடவ எறங்கிப் பாக்கலயே."

என் எரிச்சல் அங்கேயே பாதி இறங்கிவிட்டது. குறிப்பேட்டில் எழுதினேன்: முதல் நாள், கல்மரம். இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் கைகோத்து நின்று, எத்தனை பேர் நீளம் என்று அளப்பது.

காலை 8.20. காரை. சாத்தனூரிலிருந்து சில கிலோமீட்டர்தான். இந்த இடத்தை எனக்குச் சொன்னதே ஜெர்மனிப் பள்ளியின் உயிரியல் ஆசிரியை யூட்டா. இந்த ஏற்பாட்டில் அங்கிருந்து எங்கள் பக்கம் நிற்கும் ஒரே ஆள் அவர். "காரை உங்களுக்குப் பக்கமா? அங்கே போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை" என்று அவர் கேட்டபோது, நான் "ஆமாம், பக்கம்தான்" என்று கெத்தாகச் சொல்லிவிட்டு வரைபடத்தில் தேடினேன். எங்கள் ஊர் எனக்கு அவ்வளவு அத்துப்படி.

ஊரைத் தாண்டி மண்பாதையில் இறங்கியதும் நிலம் மாறியது. மழைநீர் அறுத்த செம்மண் மேடுகள், காவியும் சாம்பலுமாக வரிவரியாக. அவற்றின் ஓரத்தில் ஒரு தரிசுச் சரிவு. காலடியில் எல்லாமே உயிர்கள். சிப்பி, சங்கு, ராட்டினம்போலச் சுருண்ட பெரிய நத்தை, பென்சில் நுனிபோல ஒன்று, எல்லாம் கல்லாகிக் கிடந்தன. நடுநடுவே கண்ணாடிச் சில்லுபோல ஏதோ மின்னியது. நான் கால் வைக்கத் தயங்கி நின்றேன். கடல் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் போட்டது போட்டபடி விட்டுப் போயிருக்கிறது.

நிலம் பழனிமுத்து என்பவருடையது. பக்கத்தில் மக்காச்சோளக் கொல்லையில் மனைவியோடு நின்றிருந்தார். விருந்தாளிப் பிள்ளைகளை அழைத்து வரலாமா என்று கேட்டேன்.

"இந்தக் காட்டயா? இங்க ஒண்ணும் வெளையாதுங்க. கலப்ப எறங்காது. தாராளமா கூட்டியாங்க, எனக்கென்ன?"

"நாளைக்குப் பதினொன்றரை மணிக்கு அந்த நாட்டு டீச்சர் வீடியோவுல இந்த இடத்தைப் பாக்கணும்னு சொல்லியிருக்காங்க. நான் நேர்ல வந்து காட்டுறேன். உங்களுக்குத் தொந்தரவு இல்லியே?"

பக்கத்தில் நின்ற அவர் மனைவி, "வெளிநாட்டுக்காரங்க பாப்பாங்களா?" என்று கேட்டார். "ஆமாம்மா" என்றேன். அந்த அம்மா சரிவை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அந்தப் பார்வையை நான் கவனித்திருக்க வேண்டும்.

காலை 10.45. அரியலூர் சாலை முழுக்கச் சுண்ணாம்புக்கல் லாரிகள். ரெட்டிபாளையம் பக்கம் வேப்பமரங்கள்கூட முகத்துக்குப் பவுடர் அடித்ததுபோல நின்றன. ஊர் ஊராக வீடு கட்டும் சிமெண்டும் அந்தப் பழைய கடலின் சிப்பிதான் என்று பாயிடம் சொன்னேன். "அப்ப எங்க வூட்டு மாடியும் சிப்பிதானா?" என்றவர், எதிரே வந்த லாரியின் பாரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

பகல் 1.15. கங்கைகொண்ட சோழபுரம். அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் வழியாகச் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். வெயில் தலையைப் பிளந்தது. புல்தரையைக் கடந்து விமானத்தின் அடியில் நின்று அண்ணாந்தபோது வெயில் மறந்துபோனது. நூற்றெண்பது அடியைத் தாண்டும் உயரம். நேராக எழும்பி, பாதியில் மனம் மாறியதுபோல லேசாக உள்வளைந்து மேலே போகிறது. அவ்வளவு பெரிய கல்லுக்கு எப்படி இவ்வளவு நளினம் வந்தது என்று தெரியவில்லை. மதிய உணவை மறந்து முக்கால் மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன். இரண்டாம் நாள்: நிழலை அளந்து விமானத்தின் உயரத்தைக் கணக்கிடுவது. எங்கள் கணக்கு வாத்தியார் சந்தோஷத்தில் குதிப்பார்.

மாலை 4.30. ஏலாக்குறிச்சி. கொள்ளிடக் கரையோரக் கிராமம். எங்கள் விடுதி மாணவி ஸ்டெல்லாவின் வீடு இங்கேதான். காலாண்டு விடுமுறை என்பதால் அவளும் இருந்தாள். அப்பா சூசைராஜ் விவசாயி, அம்மா தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஒரு ஜெர்மன் மாணவி இவர்கள் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. சூசைராஜ் என்னை நேராகக் கொல்லைப்புறம் அழைத்துப் போனார். அங்கே புதிதாக ஒரு குளியலறை. சுவரில் ஈரம்கூடக் காயவில்லை.

"வர்ற புள்ள செரமப்படக் கூடாதுல்ல. அதான் நெல்லு வித்ததும் மொத வேலையா இத முடிச்சுட்டேன். வந்துருவாங்கள்ல டீச்சர்?"

மாமல்லபுரம் திட்டத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. "வருவாங்க சார்" என்றேன். ஸ்டெல்லா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் காபி குடித்த பத்து நிமிடம், வினாத்தாள் இன்னும் வந்து சேராத பரீட்சைக் கூடத்தில் நிற்பதுபோல இருந்தது. திரும்பும் வழியில் கொள்ளிட மணல் அகலமாக வெளுத்துக் கிடந்ததைப் பார்த்தும் மனம் அதில் தங்கவில்லை.

ஞாயிறு, காலை 11.20. மறுபடி காரை. கைபேசிக்கு முழு சார்ஜ், குறிப்பேட்டில் நாற்பது வரி ஆங்கிலம். வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது கோலம். சரிவின் அடியில் சாணம் தெளித்து, பெரிய தாமரைக் கோலம் போட்டிருந்தார்கள். நடுவில் பூசணிப்பூ. அப்புறம்தான் சரிவைப் பார்த்தேன். ஒரு கல் இல்லை. ஒரு சிப்பி இல்லை. கல்யாண வீட்டு வாசல்போலப் பெருக்கித் துடைத்த செம்மண்.

பழனிமுத்துவின் மனைவி முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"நேத்து சாயங்காலம் பொம்பளைங்க ஏழு பேரு எறங்குனோம் டீச்சர். விடிகாலைலயும் வந்து முடிச்சோம். வர்ற புள்ளைங்க காலுல குத்தும்ல. குப்பையும் கல்லுமா கெடந்தா, பாக்குறவங்க நம்ம ஊரப் பத்தி என்ன நெனப்பாங்க?"

எனக்குக் கோபம் வந்தது. "ஐயோ அம்மா, அந்தக் கல்லப் பாக்கத்தாங்க அவங்க வர்றதே!" என்று கத்திவிட்டேன். அந்த அம்மாவின் முகம் அப்படியே விழுந்தது. "நீங்க சொல்லலியே" என்றார் மெதுவாக. சொல்லவில்லைதான். நாள் முழுக்க வகுப்பில் வாய் ஓயாமல் பேசுகிற நான், நிலத்துக்காரர்களிடம் எதைப் பார்க்க வருகிறார்கள் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. விருந்தாளி வருகிறார் என்றால் எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் முதலில் துடைப்பத்தைத்தான் எடுப்பார்கள். என் அம்மாவும் அதைத்தான் செய்திருப்பாள். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். கைபேசி அடித்தது. மணி பதினொன்றரை.

யூட்டாவின் முகம் திரையில் தெரிந்தது. கையில் காபிக் கோப்பை. மறைக்க ஒன்றும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லி, வெறும் சரிவைக் காட்டினேன். அவர் கண்களை மூடிக்கொண்டார். புதைபடிவம் கிடந்த இடத்தைவிட்டு எடுத்தால் அதன் கதையில் பாதி போய்விடும் என்று அவர் எனக்கு எழுதியிருந்தார். பன்னிரண்டு பிள்ளைகளின் பயணம் என் கண்ணெதிரே கைநழுவுவதுபோல இருந்தது.

"எடுத்ததை எங்கே போட்டார்கள்?" என்று கேட்டார். நான் அந்த அம்மாவிடம் தமிழில் கேட்டேன்.

"எங்கயும் போவல டீச்சர். அவுங்கவுங்க வரிசைக்குக் கடைசியில வரப்போரமா கொட்டிருக்கோம், வாங்க."

போய்ப் பார்த்தோம். களை பறிக்கும்போது செய்வதுபோலவே செய்திருந்தார்கள். சரிவுக்குக் குறுக்கே ஆளுக்கொரு வரிசை. ஒருத்தி வரிசைக்குள் இன்னொருத்தி கை வைப்பதில்லை. பொறுக்கியதைத் தன் வரிசை முடிகிற இடத்தில் தானே கொட்ட வேண்டும். யார் வேலை சுத்தம், யார் வேலை அரைகுறை என்று தெரிவதற்காக அப்படி ஒரு வழக்கம். மேட்டிலிருந்து பள்ளம்வரை ஏழு வரிசைகள், ஏழு குவியல்கள்.

நான் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனேன். மூன்றாவது குவியலில் யூட்டா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"நில்லுங்கள். முதல் குவியலை மறுபடி காட்டுங்கள். இப்போது கடைசி."

பழனிமுத்துவின் மனைவி அதற்குள் பொறுமை இழந்து தானே சொல்ல ஆரம்பித்தார். "என்னமோ அந்தம்மா தேடுறாங்க. இதுல என்ன டீச்சர் இருக்கு? மேல மூணு வரிசையிலயும் சிப்பிதான், நத்தக்கல்லு ஒண்ணு ரெண்டு. நடுவுல நத்தக்கல்லு ஜாஸ்தி. கீழ என் வரிசையில அது ஒண்ணுகூட கெடையாது, பூரா பென்சில் கல்லுதான். பொறுக்குறப்பவே பேசிக்கிட்டோம், வரிசைக்கு வரிசை வேற வேறயா இருக்கேன்னு."

நான் மொழிபெயர்த்து முடித்தபோது யூட்டா எழுந்து நின்றிருந்தார். சரிவின் ஒவ்வொரு மட்டமும் கடலின் ஒவ்வொரு காலம். கீழே பழையது, மேலே புதியது. மழை சிலவற்றை உருட்டியிருக்கும், அதனால் இது ஆராய்ச்சிக்குப் போதாது என்றார். ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஏழு குவியலுக்கு ஏழு குழு, குழுவில் இரண்டு நாட்டுப் பிள்ளைகளும். எண்ணிப் பிரித்து, வரைந்து, கடல் எப்படி மாறியது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும், பிறகு எல்லாவற்றையும் அந்தந்த வரிசையிலேயே திரும்ப வைக்கட்டும் என்றார். ஒன்றைக்கூட யாரும் ஊருக்கு எடுத்துப் போகக் கூடாது என்றும் சொன்னார்.

நான் அந்தக் குவியல்களைப் பார்த்தபடி நின்றேன். கோடிக்கணக்கான ஆண்டுகளை ஏழு பெண்கள் ஒரு மாலையிலும் ஒரு விடியலிலும் வரிசை குலையாமல் பொறுக்கி வைத்திருந்தார்கள். நான் அதற்காகத்தான் கத்தியிருந்தேன்.

"வரிசை சொன்னார்களே, அவர்கள் பெயர் என்ன? திட்டத்தில் எழுத வேண்டும்" என்றார் யூட்டா. எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாளாகப் பேசியும் கேட்கவில்லை. கேட்டேன். அஞ்சலை.

ஞாயிறு இரவு எட்டு மணிக்கு ஆறு நாள் திட்டமும் போனது. மூன்றாம் நாள், காரை, அரை நாள், வழிநடத்துபவர் அஞ்சலை என்று எழுதியிருந்தேன்.

திங்கள், மாலை 6.40. பதில் வந்தது. பெற்றோர் கூட்டம் ஆறு நாட்களையும் ஏற்றுக்கொண்டது. மாமல்லபுரம் கடைசி இரண்டு நாள் மட்டும். ஒரே ஒரு திருத்தம்: காரைக்கு அரை நாள் போதாது, முழு நாள் வேண்டும். அஞ்சலையைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். "நாள் பூராவுமா? அப்ப சோறு ஆக்கணுமே. அதுங்க காரம் திங்குமா டீச்சர்?" என்றார்.

அடுத்து ஏலாக்குறிச்சி. வெளியூர் போய்த் திரும்பும்போது நம் வீடு சின்னதாகத் தெரியும் என்பார்கள். எனக்கு இந்த இரண்டு நாளில் என் ஊர் பெரியதாகிவிட்டிருந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. போனை ஸ்டெல்லாதான் எடுத்தாள். வருகிற மாணவி ஆறு நாளும் உங்கள் வீட்டில்தான், அப்பாவிடம் சொல் என்றேன்.

"டீச்சர், அப்ப நாங்களும் போறோமா?"

"போறீங்கம்மா."

போனை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். இணைப்பு துண்டிக்கப்படவில்லை. "அப்பா! யப்பா!" என்ற அவள் குரல் கொல்லைப்புறம் நோக்கிப் போய்க்கொண்டே இருந்ததை, வைக்க மனமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.